இரண்டாம் பேஸில் பத்தொன்பது பிழைகள்

பியர்பொன்ட்ஸ்
12 ஓகஸ்ட் 2024

அன்புள்ள தங்கச்சி சிவநேசம்,

சனிக்கிழமை நீ தொலைபேசியை வைத்த பிறகு நான்கு முறை எடுத்தேன். நான்காவது முறை மணியே அடிக்கவில்லை. என் எண்ணைத் தடுத்துவிட்டாய் என்று இங்கே வீட்டில் உன் மச்சாள் சொன்னாள். ஆகவே எழுதுகிறேன். கிழித்துப்போடுவதானால் வாசித்துவிட்டுக் கிழி.

தனுஜனைப் பேஸ்போல் அணியிலிருந்து நீக்கியது வெள்ளிக்கிழமை மாலை வரை எனக்குத் தெரியாது. இதை நீ நம்பவில்லை. நடந்தது இதுதான். ஆட்டம் தொடங்க அரை மணி நேரத்துக்கு முன்னர் ஆட்டக்காரர் பட்டியல் மேலே நாங்கள் ஸ்கோர் எழுதுகிற அறைக்கு வரும். அதில் தனுஜன் நிற்கிற இரண்டாம் பேஸில் வேறு பெயர் இருந்தது. பக்கத்தில் யோசெப் இருந்தான். ஸ்கோர் பலகையை இயக்குகிற மன்னார்க்காரன், உனக்குத் தெரியும். தனுஜனுக்குச் சுகமில்லையோ என்று அவனிடம் கேட்டேன்.

"மாஸ்ரர், உங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையோ? பொடியனை மத்தியானமே அனுப்பிப்போட்டாங்கள்" என்றான்.

பென்சிலைக் கீழே வைத்தேன். பிறகு எடுத்துப் புதிய பெயரை எழுதினேன். எழுதாமல் எழும்பி வந்திருக்கவேண்டுமோ என்று மூன்று நாட்களாக யோசிக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். "ஏன் என்ரை பிள்ளையின்ரை பெயரிலை பத்தொன்பது பிழை எழுதினீங்கள்?" என்று கேட்டாய். உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். பந்தை அடித்தவன் ஓடிப் பேஸில், அதாவது அடுத்த தளத்தில், நின்றுவிட்டால், அது அவன் அடித்த நல்ல அடியா, அல்லது தடுக்கவேண்டியவன் விட்ட பிழையா என்று ஒருவர் தீர்மானிக்கவேண்டும். நல்ல அடி என்றால் அதற்கு ஹிட் என்று பெயர். அதனால் வரும் ஓட்டங்கள் பந்தெறிந்தவனின் தலையில் ஏறும். பிழை என்றால் தடுத்தவனின் பெயரில் ஏறும், எறிந்தவன் தப்பிவிடுவான். அந்தத் தீர்மானம் ஒன்பது வருடமாக என்னுடையது. கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினேன். வேறொன்றும் செய்யவில்லை.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கழகத்தின் தலைவர் பத்திரிகைக்காரனிடம் "எங்கள் மைதானத்தின் நடுப்பகுதி ஒழுகுகிறது, அதை அடைத்துவிட்டோம்" என்று சொல்லியிருக்கிறார். எழுபத்தாறு ஆட்டங்களில் ஐம்பத்து நான்கு தோல்வி. அவ்வளவையும் ஒரு இருபத்தாறு வயதுப் பொடியன் தோற்றானா? ஒன்பது மணி நேரம் பஸ்ஸில் கொண்டுபோய் இறக்கி அன்று மாலையே ஆடவிட்டது யார்? மைதானத்து விளக்கில் பாதி எரியாமல் ஜூன் முழுவதும் கிடந்தது யாராலே? எங்கள் அணிக்கு நாரை சின்னம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நாரை வேடம் போட்ட ஒருவனை ஆடவிட்டுப் பியரைப் பாதி விலைக்கு விற்கிறார்கள். சனம் தோல்விக்காகவே வருகிறது. வெட்கமே இல்லை.

இதை நான் அவர்களிடம் சொல்லவில்லை. உன்னிடம்தான் சொல்கிறேன். என் குணம் உனக்குத் தெரியும்.

அண்ணா
நகுலேஸ்வரன்


புரோசார்ட்
18 ஓகஸ்ட் 2024

அண்ணாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். பஸ்ஸைப் பற்றி இருக்கிறது, விளக்கைப் பற்றி இருக்கிறது, நாரையைப் பற்றிக்கூட இருக்கிறது. என் பிள்ளையைப் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று தேடினேன். "கண்ணுக்குத் தெரிந்ததை எழுதினேன்" என்பதுதான் கிடைத்தது.

பேஸ்போல் விதியை எனக்குப் படிப்பிக்க வேண்டாம். பதினேழு வருடம் அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு, மே மாதக் குளிரில் தகரப் படிக்கட்டில் குந்தியிருந்தவள் நான். ஹிட் எது, பிழை எது என்று எனக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று நான் சொல்கிறேன், நீங்கள் கேளுங்கள். அவனைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தியிருக்கிறார்கள். பயிற்சியாளர் ஒரு தாளைத் தள்ளி வைத்தாராம். இரண்டாம் பேஸ், பத்தொன்பது பிழை, இந்த லீக்கிலேயே அதிகம். "பார், இதை நான் சொல்லவில்லை, உன் மாமாதான் சொல்கிறார்" என்று சிரித்தாராம். சிரித்தாராம், அண்ணா. இவன் எழும்பி வந்து, காருக்குள் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

இனி நான் ஒரு கணக்குத் தருகிறேன். நீங்கள் கணக்கு மாஸ்ரர்தானே, செய்து பாருங்கள். நானும் உங்கள் மச்சானும் மேசையில் இருந்து, லீக்கின் இணையத்தளத்தில் ஒவ்வொரு ஆட்டமாகப் பார்த்து எழுதியது. தனுஜன் வெளியூரில் ஆடியது முப்பத்தெட்டு ஆட்டம். பிழை ஐந்து. இங்கே, உங்கள் கண்ணுக்கு முன்னால் ஆடியதும் முப்பத்தெட்டு ஆட்டம். பிழை பதினான்கு. அதே பொடியன், அதே கையுறை. வெளியூரில் எழுதுகிறவர்களுக்கு இவன் யார் என்றே தெரியாது. அவர்கள் ஐந்து என்கிறார்கள். தாய்மாமன் பதினான்கு என்கிறார்.

உங்கள் மச்சான் சொன்னார்: "உன்ரை கொண்ணர் வேணுமெண்டு செய்யமாட்டார், சிவநேசம்." எனக்கும் தெரியும். வேண்டுமென்று செய்திருந்தால் கோபிக்க லேசாக இருந்திருக்கும்.

பத்தாம் வகுப்பில் நீங்கள் எனக்குக் கணக்குப் படிப்பித்தது ஞாபகமா? கேத்திரகணிதத்தில் நானும் என்னோடு படித்த சாரதாவும் ஒரே மாதிரி நிறுவினோம். அவளுக்குப் பத்துக்குப் பத்து, எனக்கு ஆறு. ஏன் என்று வீட்டில் வந்து கேட்டேன். "நீ என்ரை தங்கச்சி. நாளைக்கு ஒருத்தர் ஒரு கதை கதைக்கக்கூடாது" என்றீர்கள். அம்மாவும் அதை நீதி என்று சொல்லி உங்களுக்கு முட்டைக்கோப்பி அடித்துத் தந்தார். எனக்குப் பதினாறு வயது. நீதி என்றால் இதுதானாக்கும் என்று நானும் நம்பிவிட்டேன்.

என் பிள்ளைக்கும் ஆறுதான் போட்டிருக்கிறீர்கள்.

பதில் எழுதுவதானால் கணக்கைச் செய்துவிட்டு எழுதுங்கள். இல்லையென்றால் முத்திரையை வீணாக்க வேண்டாம்.

சிவநேசம்


பியர்பொன்ட்ஸ்
5 செப்ரெம்பர் 2024

அன்புள்ள தங்கச்சி,

கணக்கைச் செய்தேன். அதனால்தான் பதினெட்டு நாள் ஆனது.

உன் கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. முப்பத்தெட்டு ஆட்டம் என்பது சிறிய தொகை, தற்செயலாகவும் இப்படி வரலாம் என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். வேறொருவன் இதே எண்களைக் கொண்டுவந்து காட்டியிருந்தால், "எழுதுகிறவனைப் பார்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஆட்டங்களின் வீடியோ எல்லாம் கழகத்துக் கணினியில் இருக்கிறது. யோசெப் திறந்து தந்தான். பதினான்கு பந்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பிறகு, இதே வேகத்தில் இதே இடத்துக்கு மற்ற இரண்டாம் பேஸ்காரர்களிடம் வந்த பந்துகளைத் தேடினேன். அவற்றுக்கு நான் என்ன எழுதியிருக்கிறேன் என்று என் புத்தகத்தைப் புரட்டினேன். ஒரு கொப்பியில் இரண்டு பக்கமாகக் கோடு போட்டு, இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் மற்றவர்கள் என்று எழுதினேன்.

விதி என்ன கேட்கிறது தெரியுமா? "சாதாரண முயற்சி". ஒரு ஆட்டக்காரன் சாதாரண முயற்சியால் பிடித்திருக்கக்கூடிய பந்தை விட்டால்தான் பிழை. மற்றவர்களிடம் நான் சாதாரண முயற்சியைத்தான் கேட்டிருக்கிறேன். அவனிடம் மட்டும் அதற்கு மேலே கேட்டிருக்கிறேன்.

பதினான்கில் ஒன்பது உண்மையான பிழை. அதில் எனக்குச் சந்தேகமில்லை, நீயும் கோபிக்காதே. ஐந்து பிழை அல்ல. மே 25, ஜூன் 8, ஜூன் 22, ஜூலை 6, ஜூலை 20. ஐந்தும் ஹிட். ஜூன் 22ஆம் திகதிப் பந்துக்கு யோசெப் அன்றைக்கே சொன்னான். "மாஸ்ரர், உது கல்லிலை பட்டுத் துள்ளின பந்து. உதை ஆர் பிடிக்கிறது?" நான் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "ஓம் யோசெப், ஹிட்தான். ஆனால் நான் போடேலாது" என்றேன். பிழை என்று எழுதினேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன் என்பதுதான் இப்போது எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

தனுஜன் இந்த அணிக்கு வந்தபோது நான் விலகுகிறேன் என்று போய்ச் சொன்னேன். முகாமையாளர் தேவையில்லை என்றார். அப்போதே விலகியிருக்கவேண்டும். விலகாமல் இருந்ததற்குத் தண்டனையாகப் பிள்ளையிடம் கடுமையாக இருந்தேன் போலிருக்கிறது. தண்டனை எனக்கு, அனுபவித்தவன் அவன்.

இன்னொன்று. ஜூலையில் ஒருநாள் அதே முகாமையாளர் எங்கள் அறைக்கு ஏறி வந்து என் தோளில் தட்டினார். "நீங்கள் உறவு பார்க்காமல் எழுதுகிறீர்கள், உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. உன் மச்சாளிடமும் வந்து சொன்னேன். இப்போதுதான் கொப்பியைப் பார்க்கும்போது விளங்குகிறது. அந்த ஐந்து பந்துகளில் நான்கு, ஒரே எறிகாரன் எறிந்தபோது வந்தவை. பெரிய அணி ஒன்று அவனை வாங்கப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பிழை என்று எழுதிய ஒவ்வொரு முறையும் அவன் பெயர் சுத்தமானது. என் நேர்மைக்கு அவர் தட்டவில்லை. ஓகஸ்ட் தொடக்கத்தில் அவனை விற்றார்கள். அதே கிழமை தனுஜனை அனுப்பினார்கள்.

அவனை அனுப்பிய பிறகு இருபது ஆட்டம் ஆடினார்கள். பதினைந்து தோல்வி. முன்பு பத்தில் ஏழு தோற்றவர்கள், ஒழுகலை அடைத்த பிறகு நான்கில் மூன்று தோற்றார்கள். மொத்தம் அறுபத்தொன்பது. கடைசி ஆட்டத்தன்று தலைவர் மைக்கில் "மறக்கமுடியாத பருவம்" என்றார். சனம் விசிலடித்தது.

எழுதியதைத் திருத்த வழி இருக்கிறது. லீக்குக்கு எழுதவேண்டும். செப்ரெம்பர் 30ஆம் திகதி புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஆனால் தங்கச்சி, இப்போது நான் எழுதினால், மருமகனை நீக்கியதும் மாமன் திருத்துகிறான் என்பார்கள். நான்தான் ஒன்பது வருடமாக ஒருவருக்கும் அந்தக் கதைக்கு இடம் கொடுக்காதவன். என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. நீ சொல்.

அண்ணா


புரோசார்ட்
10 செப்ரெம்பர் 2024

அண்ணாவுக்கு,

என்னையா கேட்கிறீர்கள்?

நான் "திருத்துங்கள்" என்று சொன்னால், தங்கச்சி அழுததற்காகத் திருத்தினேன் என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்வீர்கள். "வேண்டாம்" என்றால், அவள்தானே வேண்டாம் என்றாள் என்று கொப்பியை மூடி வைப்பீர்கள். எப்படியும் நீங்கள் தப்பிவிடுவீர்கள். நான் சொல்லமாட்டேன்.

ஐந்து பந்தும் ஹிட் என்று உங்கள் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். இனி ஊர் என்ன சொல்லும் என்பதுதான் உங்கள் கவலை. ஊர் எங்கே இருக்கிறது, அண்ணா? பியர்பொன்ட்ஸில் உங்களுக்கு இடப்பக்கத்தில் ஒரு இத்தாலிக்காரர், வலப்பக்கத்தில் ஒரு லெபனான்காரர். அவர்களா கதைக்கப்போகிறார்கள்?

நிலைமையைச் சொல்கிறேன். கிழக்கே, ஆற்றோரத்து நகரம் ஒன்றின் அணிக்கு வருகிற பருவத்துக்கு இரண்டாம் பேஸில் ஆள் தேவை. அந்தப் பயிற்சியாளர் தனுஜனின் துடுப்பாட்டத்தைப் பார்த்திருக்கிறார், பிடித்திருக்கிறது. பத்தொன்பதைப் பார்த்துவிட்டு, "புத்தகம் மூடட்டும், பிறகு கதைப்போம்" என்றாராம். அவனுக்கு மார்ச்சில் இருபத்தேழு. இந்த முறை ஒருவரும் எடுக்காவிட்டால் இனி ஒருவரும் எடுக்கமாட்டார்கள். அது அவனுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். உங்களுக்கும் இப்போது தெரியும்.

இப்போது புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் லொறிக்குப் பெட்டி ஏற்றுகிறான். விடிய நான்கரைக்கு எழும்பிப் போகிறான். உங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரம். ஒருநாளாவது அங்கே வந்தானா? உங்களைப் பற்றி ஒரு சொல் கெட்டதாகச் சொல்லவில்லை. திட்டினால் நான் நிம்மதியாக இருப்பேன். "மாமா தெரியாமல் எழுதமாட்டார், அம்மா" என்கிறான். நீங்கள் எழுதியதை நம்பிக்கொண்டிருக்கிறான், அண்ணா. தன் கையில்தான் கோளாறு என்று நினைக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கராஜ் சுவரில் பந்தை எறிந்து எறிந்து பிடித்துக்கொண்டிருந்தான். நூற்றுக்கணக்கான தடவை. ஒன்றையும் விடவில்லை. நான் சமையலறை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவனுக்கு உங்கள் இரக்கம் வேண்டாம். எனக்கும் வேண்டாம். அன்றைக்கு அறைக்குள் இருந்து நீங்கள் எழுதியிருக்கவேண்டியதை எழுதுங்கள்.

சிவநேசம்


பியர்பொன்ட்ஸ்
21 செப்ரெம்பர் 2024

அன்புள்ள தங்கச்சி,

அனுப்பிவிட்டேன். வியாழக்கிழமை, பதிவுத் தபாலில். நகல் இதனோடு இருக்கிறது, பிரெஞ்சில். உனக்காக முதல் இரண்டு வரியை மட்டும் தமிழில் தருகிறேன்: "இந்த ஆட்டக்காரர் என் தங்கையின் மகன். அந்தக் காரணத்தால்தான் நான் கீழ்க்காணும் ஐந்து தீர்மானங்களையும் பிழையாகச் செய்தேன்." அதற்குக் கீழே ஐந்து பந்துகளும், ஒவ்வொன்றுக்கும் ஒப்பாக மற்றவர்களுக்கு நான் ஹிட் எழுதிய பந்துகளும், விதியின் எண்ணும் இருக்கின்றன. ஏழு பக்கம்.

ஆனால் அதற்கு முன் ஒரு மடைத்தனம் செய்தேன். மறைவாக அனுப்புவது முறையல்ல என்று நினைத்து, கடிதத்தை முதலில் முகாமையாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உன் அண்ணன் அப்படித்தான்.

அவர் முதல் பக்கத்தை வாசித்தார். மற்ற ஆறு பக்கத்தையும் வாசிக்கவில்லை. "மிஸ்டர் நகுல், பருவம் முடிந்துவிட்டது, ஆட்கள் மறந்துவிட்டார்கள், இதை எதற்குத் தோண்டுகிறீர்கள்?" என்றார். ஐந்தும் ஹிட் என்றேன். விற்ற எறிகாரனின் கணக்கில் ஓட்டங்கள் ஏறும், வாங்கினவர்கள் கேள்வி கேட்பார்கள், கழகத்துக்கு அது நல்லதல்ல என்றார். கடிதத்தைத் திரும்ப மடித்தேன். பிறகு அவர் சிரித்துக்கொண்டு, "விளங்குகிறது, குடும்ப விஷயம். வீட்டில் பெண்கள் கரைச்சல் தருகிறார்களாக்கும்" என்றார்.

சிவநேசம், என் எழுபத்தாறு வயதில் நான் ஒருவரிடமும் குரலை உயர்த்தியதில்லை. வகுப்பில்கூட. அன்று என் குரல் எனக்கே தெரியாத குரலாக வந்தது. பிரெஞ்சில் தொடங்கி ஆங்கிலத்துக்குப் போய், இடையில் தமிழும் வந்ததாக யோசெப் சொல்கிறான். அவன் வாசலில் நின்றிருக்கிறான். நான் சொன்னது ஏறக்குறைய இதுதான்: "நீங்கள் அறுபத்தொன்பது ஆட்டம் தோற்றீர்கள். அதில் ஒன்றையாவது உங்களுடையது என்று ஏற்றுக்கொண்டீர்களா? பஸ் உங்களுடையது, விளக்கு உங்களுடையது, பயிற்சியாளர் உங்களுடையவர். தோல்வி மட்டும் ஒரு பொடியனுடையது. அதற்கு என் கையெழுத்தைத் தாளில் போட்டு அவன் முகத்துக்கு முன்னால் தள்ளினீர்கள். குடும்பம் என்று நான் பார்த்ததில்லை, அதுதான் நான் செய்த குற்றம். நீங்கள் அதைத் தட்டிக்கொடுத்து வளர்த்தீர்கள்."

கடைசியில் மேசையில் இருந்த நாரைப் பொம்மை விழுந்துவிட்டது. நான் தட்டிவிடவில்லை. என் கோட்டுக் கையில் பட்டது. எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்தேன்.

வாசலில் யோசெப் "மாஸ்ரர், முதல்லை இருங்கோ" என்று கதிரை தந்தான். "எத்தினை வரியம் இதுக்கு நான் காத்திருந்தனான் தெரியுமோ?" என்றும் சொன்னான்.

அனுப்பினால் அடுத்த வருடம் என் சேவை தேவைப்படாது என்று முகாமையாளர் சொல்லியிருக்கிறார். தேவைப்படக்கூடாதுதான். என்னைப் போல ஒருவன் அந்த இடத்தில் இருக்கக்கூடாது.

நகலைத் தனுஜனிடம் கொடு. மன்னிப்பு என்ற சொல்லை எழுதினேன், வெட்டினேன், திரும்ப எழுதினேன். கடைசிப் பக்கத்தின் அடியில், தமிழில், பென்சிலால் இருக்கிறது. அவனுக்குத் தமிழ் வாசிக்க நேரம் எடுக்கும். எடுக்கட்டும்.

அண்ணா


பியர்பொன்ட்ஸ்
5 ஒக்ரோபர் 2024

சிவநேசம்,

இதை ஆத்திரத்தோடு எழுதுகிறேன், கையெழுத்து மோசமாக இருந்தால் பொறுத்துக்கொள்.

லீக்கிலிருந்து நேற்று பதில் வந்தது. நான்கு தீர்மானங்களை மாற்றிவிட்டார்கள். மே 25, ஜூன் 8, ஜூன் 22, ஜூலை 6. ஹிட், ஹிட், ஹிட், ஹிட். ஜூலை 20ஆம் திகதிப் பந்தை மட்டும் பிழை என்றே விட்டிருக்கிறார்கள். காரணம் என்ன தெரியுமா? "ஆட்டக்காரரின் எழுத்துமூல வேண்டுகோளின்படி".

எந்த வேண்டுகோள்? யார் அவனை எழுதவைத்தது? பத்தொன்பது பதினான்காக இறங்கியிருக்கவேண்டும், பதினைந்தில் நிற்கிறது. எனக்குச் சந்தேகமே இல்லை, இது அந்த முகாமையாளரின் வேலை. பிள்ளையைக் கூப்பிட்டு மிரட்டியிருக்கவேண்டும், அல்லது ஏதாவது ஆசை காட்டியிருக்கவேண்டும். அந்தப் பந்து, விற்ற எறிகாரன் இங்கே ஆடிய கடைசி ஆட்டத்தில் வந்தது. மூன்று ஓட்டம் அதில் இருக்கிறது. ஒன்றையாவது காப்பாற்றிக்கொள்ளப் பார்த்திருக்கிறார்கள்.

நான் விடப்போவதில்லை. திங்கட்கிழமை லீக் அலுவலகத்துக்கு நேரே போகிறேன். புத்தகம் மூடிவிட்டது என்றால் திறக்கச் சொல்வேன். உன் மச்சாள் என்னைப் பார்த்துப் பயப்படுகிறாள். "உங்களுக்கு என்ன வந்தது, மாத்திரையைப் போட்டீங்களோ?" என்று கேட்கிறாள். போட்டேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. இவ்வளவு காலம் வராமல் இருந்ததுதான் வருத்தம்.

அவனிடம் கேள். யார் எழுதவைத்தது என்று பெயரைக் கேட்டு எழுது.

அண்ணா


புரோசார்ட்
9 ஒக்ரோபர் 2024

அண்ணாவுக்கு,

உங்கள் எண்ணின் தடையை எடுத்துவிட்டேன். மச்சாள் சொன்னதைக் கேட்டுத் திங்கட்கிழமை காலை எடுத்துச் சொன்னது நினைவிருக்கும்: லீக் அலுவலகத்துக்குப் போகவேண்டாம், முகாமையாளரைச் சந்தேகிக்கவேண்டாம், மிச்சத்தைக் கடிதத்தில் எழுதுகிறேன் என்று. தொலைபேசியில் சொல்லியிருந்தால் கத்தியிருப்பேன். அதனால்தான்.

அவனை ஒருவரும் எழுதவைக்கவில்லை. அவனாகவே எழுதினான்.

உங்கள் நகல் வந்த அன்று வேலையால் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஏழு பக்கத்தையும் வாசித்தான். அடியில் நீங்கள் பென்சிலால் எழுதியதை எழுத்துக்கூட்டி வாசித்தான். "அம்மா, இது என்ன சொல்?" என்று ஒரு இடத்தில் கேட்டான். "தலைகுனிகிறேன்" என்று நான் வாசித்துச் சொன்னேன். பிறகு யோசெப்பிடம் வீடியோவை வாங்கித் தன் கணினியில் அந்த ஐந்து பந்தையும் போட்டுப் பார்த்தான். நான்கு முறை தலையை ஆட்டினான். ஐந்தாவதைத் திரும்பத் திரும்பப் பார்த்தான்.

"ஜூலை இருபது என்ரை பிழை, அம்மா."

"மாமா ஹிட் எண்டு எழுதியிருக்கிறார்."

"மாமாவுக்கு அங்கையிருந்து தெரியாது. பந்து வரேக்கை நான் ஓடுறவனைப் பார்த்திட்டன். அரைச் செக்கன். கண்ணை எடுக்காட்டில் பிடிச்சிருப்பன். மாமாட்டைச் சொல்லுங்கோ, திருப்பிப் போடச் சொல்லி."

"உனக்கென்ன விசரே?" என்று கத்தினேன். "கிழக்கிலை அவங்கள் எண்ணிக்கொண்டிருக்கிறாங்கள். ஒண்டு குறைஞ்சால் உனக்குத்தானே நல்லது!" என்றேன். இவர் கூடக் கத்தினார், வாழ்க்கையில் முதல்முறையாக. அவன் அசையவில்லை. "நாலு என்ரை இல்லை. அது இனி எனக்குத் தெரியும், காணும். இது என்ரை" என்று சொல்லிவிட்டு, நீங்கள் திருத்தமாட்டீர்கள் என்று தெரிந்தோ என்னவோ, அன்றைக்கே லீக்குக்குத் தானே மின்னஞ்சல் போட்டான். உங்களிடம் சொல்லவேண்டாம் என்றான். பதில் வரும் என்று நினைக்கவில்லையாம்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? உலகத்தில் எந்தப் பிள்ளை தன் பெயரில் ஒரு பிழையைக் கேட்டு வாங்கும்? இந்தக் குணம் இவர் வீட்டுப் பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை. எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

கிழக்கிலிருந்து நேற்றுத் தொலைபேசி எடுத்தார்கள். ஏப்ரலில் ஒரு கிழமை வரட்டும், பார்ப்போம் என்றார்கள். எடுத்தோம் என்று சொல்லவில்லை. பதினைந்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டார்களா, பார்க்காமலே கூப்பிட்டார்களா என்று நான் கேட்கவில்லை. அவன் கேட்டிருப்பான், அதற்குள் தொலைபேசியைப் பறித்து "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மச்சாளையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வாருங்கள். இந்தக் கடிதம் பிந்திக் கிடைத்தாலும் வாருங்கள். பாலத்தில் வேலை நடக்கிறது, பன்னிரண்டுக்கு முன்னர் வெளிக்கிடுங்கள்.

கொப்பியையும் கொண்டுவாருங்கள். ஏனென்றால் அந்த ஜூலை 20ஆம் திகதி நான் படிக்கட்டில் மூன்றாவது வரிசையில் இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன். அவன் ஓடுகிறவனைப் பார்த்தால் என்ன, வானத்தைப் பார்த்தால் என்ன, அந்தப் பந்தை மனிதனாகப் பிறந்த ஒருவனும் பிடித்திருக்கமாட்டான். அது ஹிட். அதை நீங்கள்தான் அவனுக்குச் சொல்லவேண்டும், அண்ணா. நான் சொன்னால், "நீங்கள் அம்மா, அப்பிடித்தான் சொல்லுவீங்கள்" என்கிறான்.

சிவநேசம்